குடத்தில் வெட்டிய பெயர்

சங்கரன்கோவில்,
ஆடித்தபசு கழிந்த மறுவாரம்.

அண்ணன் மகள் ஜெயசித்ராவுக்கு அத்தை பொன்மணியின் ஆசி.

ஏட்டி, ஜெயித்துவிட்டோம்! முதலில் அதைப் படித்துக்கொள், மற்றதை நிதானமாகப் படி. நீயும் மாப்பிள்ளை சாதிக்கும் சுகந்தானே? பஹ்ரைனில் வெயில் குறைந்ததா?

உன் அப்பா உயிலை நிறைவேற்ற என்னை எக்ஸிக்யூட்டராகப் போட்டாலும் போட்டார், நாயாய் அலைந்துவிட்டேன். ஆஸ்பத்திரிப் பாக்கியை அடைத்தேன், வரி கட்டினேன், உன் அண்ணன் கணேசனுக்கு எழுதின வயலை அவனிடம் ஒப்படைத்தேன். உனக்கு எழுதின வீட்டில்தான் வம்பு வந்தது. அப்பா உன் பள்ளிக்கூடப் பெயரை விட்டுவிட்டு, 'என் மகள் பேச்சித்தாய்க்கு' என்று வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதியிருந்தார். நீ சாதிக்கைக் கட்டிக்கொண்டு போனபிறகு அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. படித்ததும் அழுதுவிட்டேன்.

கணேசன் அதைப் பிடித்துக்கொண்டான். "பேச்சித்தாய்னு எங்க வீட்டுல யாருமே கெடையாது" என்று வி.ஏ.ஓ.விடம் மனுக் கொடுத்தான். தெருவுக்கே தெரியும், ஆனால் சாட்சிக் கையெழுத்துக்கு ஒருத்தரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வி.ஏ.ஓ. வீட்டுக்கே விசாரணைக்கு வந்தார். சாமான்களைக் கணக்கெடுப்பதும் என் பொறுப்புதானே, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பித்தளைக் குடத்தைக் கண்டதும் கணேசன் பாய்ந்து வந்து, "அது எனக்கு. எங்க அம்மை வீட்டுச் சீர்லா" என்றான். ஒன்றும் அறியாதவள் போல, எதற்கு வந்த சீர் என்று கேட்டேன். "தங்கச்சி காதுகுத்துக்குச் செல்லப்பா மாமா செஞ்சது. நாந்தான தலையில சொமந்தேன்" என்றான் பெருமையாக.

முந்தின நாளே அதைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தேன். மெதுவாகத் திருப்பி வைத்தேன். கழுத்தில் வெட்டியிருந்ததை வி.ஏ.ஓ. சத்தமாக வாசித்தார்: 'பேச்சித்தாய் காதுகுத்து. தாய்மாமன் செல்லப்பா.'

அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீ! "ஒனக்கு எத்தன தங்கச்சிலே?" என்று கேட்டேன். அவன் பெண்டாட்டி தேன்மொழியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கேயே மனுவை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டான். செருப்பை மாட்டும்போது, "அவ எப்ப வருதா?" என்று என்னிடம் கேட்டான். அதையாவது கேட்டானே என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு பெயரும் ஒருத்திக்குத்தான் என்று சான்று கைக்கு வந்துவிட்டது. சாவி என்னிடம் இருக்கிறது. அதை உன் கையில் கொடுத்தால்தான் என் வேலை முடியும். தனியாக வராதே, மாப்பிள்ளையோடு வா. அந்தக் குடத்தில் தண்ணீர் நிறைத்து வாசலில் வைத்திருப்பேன். அப்பா எழுதின பெயரைச் சொல்லித் தெரு கேட்கக் கூப்பிடுவேன். நீ 'என்ன அத்தை' என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடு.

நல்லா இரு மக்கா.

உன் அத்தை,
பொன்மணி