தையல்காரியைக் கொன்றுவிடாதே

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? கதை எழுத உட்கார்ந்தால் உனக்குச் சாப்பாடு மறந்துவிடும். முதலில் சாப்பிடு, அப்புறம் எழுது.

உன் தொடர்கதையால் எங்கள் சோப்பு கம்பெனியே அமளிதுமளிப்படுகிறது. வியாழக்கிழமை டீ இடைவேளையில் ஒருத்தி உரக்கப் படிப்பாள், பேக்கிங் பிரிவு மொத்தமும் சுற்றி உட்கார்ந்து கேட்கும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்செட். புனைபெயரில் எழுதுவது நீதான் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் உன் கதாநாயகி தையல்காரியின் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தும் அத்தியாயத்தை நேற்று படித்துவிட்டு மைக்செட் சொன்னாள்: "இனிமே இவ இருந்து என்ன பண்ணப் போறா? யாரு கட்டிக்குவா? பேசாம போய்ச் சேர்ந்துடலாம்." எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அதற்கப்புறம் பெட்டியில் சோப்பு அடுக்கும்போது எனக்குக் கணக்கு தப்பிக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன்.

அக்கா, தையல்காரியைக் கொன்றுவிடாதே. தங்கச்சி கேட்கிறேன், செய்வாயா?

உன்
வாலு

பிப்ரவரி 8

என் செல்ல வாலுவுக்கு,

சாப்பிடுகிறேன், அத்தான் சாட்சி. சின்ன வயதில் நான் கதை சொன்னால் பாதியிலேயே தூங்கிவிடுவாய். இப்போது கதைக்கு இப்படி உருகுகிறாயே, ஆச்சரியம்தான்!

ஆனால் நீ தாமதமாகக் கேட்டுவிட்டாய். எங்கள் பத்திரிகைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இருபத்திரண்டாம் தேதி இதழில் தையல்காரி ஏரியில் இறங்குகிறாள். "அவ உயிரோட இருந்தா படிக்கிறவங்களுக்குச் சங்கடம்மா, செத்தாத்தான் பரிதாபம் வரும்" என்றார் ஆசிரியர். எனக்கும் சரி என்றுதான் பட்டது. கதைதானே, போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஒழுங்காக வேலையைப் பார். நல்ல துணிக்கடை வேலையை ஏன் எதற்கென்று சொல்லாமல் விட்டாயே, அதுபோல இதையும் விட்டுவிடாதே.

அன்பு அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

இந்த முறை நலம் விசாரிக்கத் தோன்றவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

துணிக்கடையை ஏன் விட்டேன் என்று கேட்டாய். சரக்கு அறையில் மேல்தட்டிலிருந்து துணிக்கட்டை எடுத்துத் தரச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டான். போனேன். கதவைச் சாத்தினான். மீதியை நீயே எழுதியிருக்கிறாய், நான் வேறு எழுத வேண்டாம்.

உனக்குத் தெரியாமலே என்னை எழுதிவிட்டாய். என்னைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பதை நான் வாராவாரம் டீ கிளாஸோடு உட்கார்ந்து கேட்கிறேன். அவ்வளவு பேச்சிலும் அந்த வீட்டுக்காரனைப் பற்றி ஒருத்தியாவது வாய் திறக்க வேண்டுமே! நீயும்தான். போன வார இதழில் அவன் ஜம்மென்று உட்கார்ந்து காபி குடிக்கிறான். என் மேனேஜரும் அப்படித்தான். கடையைத் தாண்டும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அவள் சாவதுதான் சரி என்று என் அக்காவுக்கே பட்டால் நான் யாரிடம் போவேன்? அந்த இதழ் வரப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

வாலு

பிப்ரவரி 17

என் கண்ணே,

நீ எழுதிய ஒவ்வொரு சொல்லையும் நம்புகிறேன். உன்மேல் துளிகூடத் தப்பில்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். நீ சரி என்று சொல்லும்வரை அத்தானிடம்கூட மூச்சுவிட மாட்டேன். போலீசுக்குப் போக வேண்டும் என்றால் கூட வருவேன். வேண்டாம் என்றாலும் உன் பக்கம்தான்.

அச்சகத்துக்கு ஓடினேன். இதழெல்லாம் மூட்டை மூட்டையாக வண்டியேறிவிட்டது. அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் தையல்காரிக்குக் கோபம் வருகிறது. "நான் எதுக்குச் சாகணும்?" என்று கரையேறிவிடுகிறாள். "இதைப் போடுங்க, இல்லன்னா தொடரே கிடையாது" என்று ஆசிரியரிடம் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ரயில் வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது. வருகிறேன். நடுவில் அந்த இதழ் வரும் வியாழக்கிழமை இருக்கிறது. அதை மட்டும் எப்படியாவது தாண்டிவிடு தங்கமே. ஒரே ஒரு வரி போடு, இருக்கிறேன் என்று.

உன் அக்கா

பிப்ரவரி 22

அக்கா,

இருக்கிறேன்.

இது வந்து சேருவதற்குள் நீ ரயில் ஏறியிருப்பாய். இருந்தாலும் கேட்டாயே என்று எழுதுகிறேன்.

இன்று மைக்செட் படித்தாள். ஏரியில் இறங்கும் இடம் வந்ததும், "அப்பாடா, மானத்தைக் காப்பாத்திக்கிட்டா" என்றாள். வழக்கம்போல உச்சுக் கொட்டினார்கள். உன் கடிதம் என் இடுப்பில் செருகியிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே, "அவ சாகல, கரையேறிடுவா" என்றேன்.

"ஏன், கதைய நீயா எழுதற?" என்றாள் மைக்செட். எல்லாரும் சிரித்தார்கள்.

"எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு. நான் சாகலையே."

சொல்லிவிட்டேன் அக்கா. சத்தம்கூடச் சரியாக வரவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. மணி அடித்தும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. இனி யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மைக்செட் பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எவன்டீ அவன்?" என்று கேட்டாள்.

உன்
வாலு