வால்வுக்கு வைத்த சந்தனம்

புரட்டாசி 10, செவ்வாய்.
விடாத மழை. குளுகோர் கடற்கரை ஸ்டோரில் வேலை. மலாய் நாட்டைப் பிடித்த ஜப்பான்காரனின் கடல் விமானத்துக்கு உதிரிப் பாகங்கள். நான் கிளார்க், தங்கச்சி புருஷன் சுப்பையா அங்கேயே கூலி. விமானத்தில் ஒரு பெட்டி, இருட்டிலும் கப்பலைக் காட்டிக் கொடுக்குமாம். அதற்கான, ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள் எங்கள் அலமாரியில். சிங்கப்பூரிலிருந்து இனி வராது.

ஆயுத பூசை. ஜப்பான்காரர்கள் சாப்பிடப் போனதும் ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் பொட்டு. தேங்காய்க்கு வழியில்லை, மரவள்ளிக் கிழங்கு. மனசுக்குக் கொஞ்சம் தெம்பு.

11, புதன்.
வெயில். கால் வீக்கம் குறையவில்லை.

பெட்டி செத்துவிட்டது. மாற்று வால்வு எடுத்துக் கொடுத்தேன். அதுவும் சரியில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஜப்பான் ஆபீசர் அதைத் திருப்பிப் பார்த்தார். கம்பிக் கால்களில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாக. அலமாரியில் எல்லாமே அப்படி.

"சியாப்பா புவாட்?" யார் செய்தது என்று மலாயில் கத்தினார். நாசவேலையாம். சனிக்கிழமை விமானம் பறக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டோர் ஆட்கள் கெம்பித்தாயிடம், அவர்களின் ராணுவப் போலீசிடம். அங்கே போனவர்கள் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. நாங்களே துடைத்துத் தருகிறோம் என்று கெஞ்சினேன். தலையாட்டினார்.

வழியில் சுப்பையா: "நான்தான் மச்சான். எல்லாத்துக்கும் வச்சிட்டு அத மட்டும் வுட்டா சாமி கோவிச்சுக்கும்னு..."

அறையலாம் போலிருந்தது. அழுகைதான் வந்தது.

12, வியாழன்.
தூறல். தண்ணீர் பட்டால் துரு. ஸ்டோரில் ஸ்பிரிட் இல்லை. பசாரில் என் கல்யாண வேட்டியைக் கொடுத்து ஒரு போத்தல் சம்சு சாராயம்.

சுப்பையா மோந்து பார்த்து, "வீணாப் போவுதே மச்சான்." மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பிறகு தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இவர எப்படியாச்சும் காப்பாத்திரு."

13, வெள்ளி.
வேப்பங்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தோம். ஒன்று விழுந்து உடைந்தது. யாரும் பார்க்கவில்லை.

முருகா, பெட்டி வேலை செய்யட்டும். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

14, சனி.
பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது! விமானம் கிளம்பியது. சுப்பையா காலில் விழ வந்தான். திட்டி அனுப்பினேன். வயிற்றுப்போக்கு.

15, ஞாயிறு.
நல்ல வெயில். ஆபீசர் இன்றுதான் சிரித்தார். பெட்டி இருட்டில் ஒரு கப்பலைக் காட்டியதாம், குண்டு போட்டு மூழ்கடித்தார்களாம். அது எப்படிச் சாய்ந்தது என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். யார் கப்பல், எத்தனை பேர், தெரியாது. நான் வேண்டிக்கொண்டதுதான் நடந்திருக்கிறது.

ஸ்டோருக்கு ஒரு மூட்டை அரிசி இனாம். எங்கள் பங்கைத் தங்கச்சி உடனே வடித்தாள். மாதக்கணக்கில் கண்ணில் காணாத வெள்ளைச் சோறு.

"சாப்புடுண்ணே, ஆறிப்போவுது."

சாப்பிட்டேன். மறுசோறும் கேட்டு வாங்கினேன்.