மூடி போட்ட பெட்டிகள்

ஒழுங்கின் மகாராணிக்கு,

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்கிவந்து நம் துணி அலமாரியைச் சீர்திருத்தினாய். உன் துணிகளை வகை பிரித்துச் சீட்டு எழுதி ஒட்டினாய்: 'தினமும்', 'எப்போதாவது', 'பிறகு முடிவு செய்யலாம்'. துணி மடிக்க எதற்கு இத்தனை ஆராய்ச்சி? "கடை வைக்கப் போறியா?" என்று நண்பர்கள் முன்னால் கேட்டேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஒரு வருஷமா உபயோகப்படாததை எல்லாம் கழிச்சிடலாமா?" என்றாய்.

"அப்ப என்னையும் சேர்த்துக் கழிச்சிடு."

நீ சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு உனக்கு என்றைக்கு இருந்தது?

வியாழக்கிழமை நான் வீடு திரும்பியபோது அலமாரியில் உன் பாதி காலி. "அம்மா பத்தே நிமிஷத்துல எல்லாப் பெட்டியையும் வண்டியில ஏத்திட்டாங்க சார்," என்றார் வாசல் காவலாளி. பாராட்டுகள். உன் ஒழுங்கால் விளைந்த ஒரே பயன் அந்த வேகம்தான்.

அலமாரியில் என் துணித் தட்டில் மட்டும் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய்: 'பிறகு முடிவு செய்யலாம்'. என்ன திமிர்! பசையும் மட்டம். தினமும் ஓரம் பெயர்ந்துவிடுகிறது. வேலைக்குக் கிளம்பும்முன் விரலால் அழுத்திவிட்டுத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் சட்டையை நாற்காலியில் போட்டுவைப்பவன்