தலைப்பிரசவத்துக்கு வராதே

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
1939 மாசி மாதம்.

அன்பு மகள் சலேத்தம்மாளுக்கு, நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் பம்பாயில் சுகமாயிருக்க வேண்டுமென்று மாதாவைக் கேட்டுக்கொண்டு அம்மா சொல்ல அப்பா எழுதுவது. இங்கே அப்பா சுகம், மாடு கன்று சுகம், என் சங்கதியைக் கடிதத்துக்குள்ளே சொல்கிறேன். அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததுமே பயந்திருப்பாய். பயப்படு, தப்பில்லை, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுப் பயப்படு. முதலில் ஒன்று. நீ பிரசவத்துக்கு இங்கே வர வேண்டாம். மாப்பிள்ளை டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை வராதே என்று சொல்கிற தாய் உண்டா என்று உன் மாமியார் கேட்பார்கள். கேட்கட்டும். இந்தக் காகிதத்தை நான் தொடவில்லை. நான் ஊருக்கு வெளியே நம் வயற்காட்டுக் கொட்டாயில் இருக்கிறேன், அப்பா தள்ளிப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறார். நான் கத்திச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அவரோ என் பேச்சைத் திருத்தித் திருத்தி எழுதுகிறார், கடிதத்திலாவது நான் மரியாதையாகப் பேச வேண்டுமாம்.

நடந்தது இதுதான். பொங்கல் கழிந்து, சிஸ்டர்மார் மடத்துக்குப் பெங்களூரிலிருந்து இரண்டு துரைசானிகள் விருந்தாளிகளாக வந்தார்கள். சித்தேரி மலையைப் பார்க்க வேண்டும், ஊர் ஊராகத் தங்கிப் பள்ளத்தாக்கு எல்லாம் நடந்தே சுற்ற வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. கூட வந்த சமையல்காரனுக்குக் காய்ச்சல். மடத்துச் சமையலுக்கு நான்தானே இருக்கிறேன், ரோசம்மா நீ போ என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்குத்தான் உள்ளுக்குள் ஆசை, மலைத் தேன் வாங்கி வந்தால் உன் பேறுகால மருந்துக்கு ஆகும் என்று. அரூர் வரை பஸ், அடிவாரம் வரை வண்டி, அப்புறம் கால்தான். வழி காட்டத் தீர்த்தன் என்று ஒரு மலையாள் வந்தான். சாமை, கேழ்வரகு போட்டுப் பிழைக்கிறவன், அதிகம் பேசாத நல்ல மனுஷன். துரைசானிகளில் ஒருத்தி குண்டு, படம் பிடிக்கிற பெட்டி வைத்திருந்தாள். இன்னொருத்தி ஒல்லி, பூவைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிடுவாள். சோறு ஆறிப் போகும், அவள் எழுந்திருக்க மாட்டாள். கீழே பனி மூடிய பள்ளத்தாக்கைப் பார்த்து அவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். நான் பார்த்ததெல்லாம் கால் வைக்கிற இடத்தை மட்டும்தான். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக் கையில் தழும்பே விழுந்துவிட்டது. அழகாயில்லை என்று சொல்ல மாட்டேன். மேலிருந்து ஓடை விழுகிற ஓரிடத்தில் சாமைத் தாள் படிப்படியாக மஞ்சளாகத் தெரிந்தது, உன்னைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். கீழே பார்த்ததும் அந்த நினைப்பும் போய்விட்டது.

மறுநாள் ஒரு ஊருக்குப் போகிற வழியில், பாதைக்குக் குறுக்கே மஞ்சள் கயிறு கட்டி வேப்பங்கொத்து தொங்கவிட்டிருந்தது. தீர்த்தன் அதைப் பார்த்தான், நின்றான், முன்னால் கரடி நடமாட்டம் இருக்கிறது, மேட்டைச் சுற்றி வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றான். கரடி என்றதும் துரைசானிகளுக்குச் சந்தோஷம், நான் ஜெபமாலையை எடுத்தேன். வேப்பிலையைப் பார்த்த எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏதோ கோவில் காரியம், நமக்கென்ன என்று கரடிக்குப் பயந்துகொண்டு வேகமாக நடந்தேன். சுற்றிப் போய்ச் சேர்ந்த ஊரில் தீர்த்தனின் தங்கை செல்லி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு கைக்குழந்தை. அந்தத் துளியூண்டு உருவத்துக்குச் சின்னக்கா என்று பேர், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செல்லி எங்களுக்காக ராகி அரைக்க உட்கார்ந்தாள், பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த நாள் பாத்திரம் தூக்க அவளும் கூட வந்தாள், வழியெல்லாம் பிள்ளை என் இடுப்பில்தான். உன் பிள்ளையை இப்படித்தானே தூக்கப் போகிறேன், கை மறந்து போயிருக்குமோ என்று பார்த்துக்கொண்டேன். மறக்கவில்லை. அடையை மென்று அதன் வாயில் வைத்தேன், முந்தானையால் வாய் துடைத்தேன், அதே முந்தானையால் என் முகத்தையும் துடைத்துக்கொண்டேன். உடம்பு சுட்டது. வெயிலில் வந்த சூடு என்று நினைத்துத் தலையில் துணி போட்டேன்.

மலை இறங்குகிற அன்று காலையில் பிள்ளையின் நெற்றியில் சிவப்பாக அரும்பியிருந்தது. கொசுக்கடி என்று நான் காட்டினேன். தீர்த்தன் பார்த்தான், அப்படியே தரையில் விழுந்து பிள்ளையின் காலைக் கும்பிட்டான். சொந்தத் தாய்மாமன் கைக்குழந்தையின் காலில் விழுந்ததைப் பார்த்ததும்தான் அந்த வேப்பங்கொத்து எனக்கு நினைவுக்கு வந்தது. நீ சொன்ன கரடி எங்கே என்று கேட்டேன். "கரடி இல்லீங்க ஆத்தா. அந்த ஊருல அம்மா எறங்கியிருக்கறாங்க. வெளியாளுங்ககிட்ட அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாதுங்க" என்றான். எங்களைக் காப்பாற்றத்தான் சுற்றி அழைத்துப் போயிருக்கிறான். ஆனால் செல்லி, நாங்கள் வருவதற்கு முன்தினம்தான், அந்தக் கயிறு கட்டிய ஊரிலிருந்து பிள்ளையோடு வந்திருக்கிறாள், அங்கே அவள் நாத்தனார் வீடு. அவளும் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. ஏன் என்று அவன் கேட்டதற்கு, "பேரைச் சொன்னா பொறத்தாலயே வந்துருவாங்கன்னு பயந்துட்டேன் அண்ணா" என்று அழுதாள். அண்ணன் சொல்லியிருந்தால் தங்கை சொல்லியிருப்பாள், தங்கை சொல்லியிருந்தால் அவன் எங்களை அந்த வாசலுக்கே கூட்டிப் போயிருக்க மாட்டான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் திட்ட வாயெடுத்தேன். செல்லி பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள், அப்போதும் அது என் சேலையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. திட்டவில்லை.

பெரிய சிஸ்டர் அரூரில் விசாரித்து எனக்கு ஆளனுப்பிச் சொன்னார். வைசூரிதான், பெரியம்மை. சின்னக்கா போய்விட்டாள், சலேத்து. செல்லி பிழைத்திருக்கிறாளாம். துரைசானிகளுக்குச் சமீபத்தில்தான் அம்மை குத்தியிருக்கிறது, அவர்களுக்கு ஒன்றுமில்லை. எனக்குச் சிறு வயதில் குத்தியது, அந்த வடு இன்னும் பெரிசாகத்தான் இருக்கிறது, ஆனால் வருஷம் போகப் போக அதற்குப் பலம் குறையும் என்கிறார் சிஸ்டர். உனக்கோ எத்தனை தரம் குத்தியும் வடு எழும்பவே இல்லை. அதை நினைத்தால் எனக்குத் தூக்கமில்லை. மலையிலிருந்து இறங்கியதும் வீட்டு வாசலை மிதிக்காமல் நேரே கொட்டாய்க்கு வந்துவிட்டேன். அப்பா சோற்றைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போவார், அப்புறம்தான் நான் எடுப்பேன். இத்தனை நாள் ஒன்றுமில்லை. இன்று விடிந்ததிலிருந்து இடுப்பு வலிக்கிறது. மலை ஏறி இறங்கிய வலி என்று அப்பா சொல்கிறார், இதை எழுதக்கூடாது என்று அடம் பிடித்தார், எழுது என்று நானும் அடம் பிடித்தேன். மலை ஏறிய வலி இத்தனை நாள் கழித்தா வரும்? வைசூரி வருமுன் இடுப்புதான் முதலில் வலிக்குமாம். எனக்குப் பயமாயிருக்கிறது, மகளே. சாவுக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய், அதற்கும் பயம்தான். ஆனால் நீ மொரப்பூர் ஸ்டேஷனில் வயிறும் பெட்டியுமாக இறங்கி நிற்பதை நினைத்தால் அதைவிடப் பயமாயிருக்கிறது.

எதிர்வீட்டு ராமக்காள் தினமும் இங்கே வந்து கொட்டாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெண் எப்போது வருகிறாள் என்று கேட்கிறாள். தவக்காலத்துக்கு அப்புறம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்காக வளர்த்த கோழிகளை அப்பா பார்த்துக்கொள்கிறார். பிள்ளைக்குப் போடப் பழைய சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன், நான் மலைக்குப் போகும் முன்னே மடித்ததுதான், ஆனாலும் அனுப்ப மனம் துணியவில்லை. மாப்பிள்ளையின் வேட்டி பழசாயிருந்தால் அதையே கிழித்துக்கொள். உன் தெருவில் இருக்கிற அந்த மங்களூர்க்காரம்மா நாலு பெற்றவள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அவளிடம் வெட்கப்படாமல் போய்ச் சொல், வலி எடுத்தால் கூட இருக்கச் சொல். மாப்பிள்ளையின் ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரிடம் இந்தச் சங்கதியைச் சொல்லி, வயிற்றோடு இருக்கும்போது அம்மை குத்தலாமா என்று கேள். வலி வரும்போது வாயை மூடிக்கொண்டு கிடக்காதே, கத்து. வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய் வை. பிள்ளைக்கு முதல் தண்ணீர் ஊற்றும்போது கழுத்தின் கீழே உன் உள்ளங்கை இருக்க வேண்டும், அது நழுவும்.

இன்னும் ஒன்றுதான். உன்னை அழைக்காமல் விட்டுவிட்டார்களே என்று மனக்கஷ்டப்பட்டு ஊர்க்காரர்கள் யாராவது உனக்கு எழுதுவார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, முகத்தையாவது வந்து பார் என்று தந்தி கூட வரலாம். அப்பாவே அடித்தாலும் அடிப்பார், அவர் மனசு எனக்குத் தெரியும். இதைக் கேட்டு அவர் எழுதாமல் நிறுத்திவிட்டார். எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், எழுதுகிறார். அந்தத் தந்தியை நம்பாதே. அது நிஜமாக இருந்தாலும் வராதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நான் பார்க்காத அந்தப் பிள்ளைக்கும் மாதாவின் காவல் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தாய்வீட்டுக்கு வராதே என்று சொல்லும் உன் அம்மா,
ரோசம்மாள்.
சொன்னபடி எழுதியது, சவுரியப்பன்.