ட்ரெவர் மெதுவாகச் சொன்ன 'மேட்'

அன்புள்ள அப்பாவுக்கு,

சகலருக்கும் இதனால் அறிவிப்பது: உங்கள் மகன் டார்சிக்கு, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் இந்தக் கொட்டகையில், சொந்தமாக ஒரு துடைப்பம் வழங்கப்பட்டுள்ளது. வாழ்த்துகள் தபாலில் ஏற்கப்படும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் நாய் பிஸ்கட்டுக்குச் சோறு ஒழுங்காக இறங்குகிறதா?

இங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'மேட்'தான், கூட்டாளிதான். மேஸ்திரி ட்ரெவர் அதைச் சட்டென்று சொன்னால் நன்றி, இழுத்துச் சொன்னால் சபாஷ். பெயர் மறந்துபோனாலும் அதே வார்த்தைதான். ஆனால் குரலைத் தாழ்த்தி மெதுவாகச் சொன்னால் வேலை போயிற்று. போன வாரம் ஒருவன் அப்படித்தான் ஊருக்குக் கிளம்பினான்.

நேற்று அவருடைய சாப்பாட்டு டப்பாவில் ஒன்றரைச் சாண் நீளத் தூங்குமூஞ்சிப் பல்லி ஒன்றை வைத்தேன். டப்பாவைத் திறந்ததும் அது நீல நாக்கை நீட்டியது. அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "மேட்..." என்றார். நான் கல்தூண் போல நின்றேன்.

"திங்கக்கெழம அடுத்த பண்ணைக்கு நம்ம ஆளுங்க வண்டி கெளம்புது, நீயும் ஏறிக்க. உன் சொந்தக்காரன மட்டும் இங்கயே விட்டுட்டு வா" என்றார், பல்லியைக் காட்டி. வேலை நிலைத்துவிட்டது, அப்பா!

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். பிஸ்கட்டின் பழைய கழுத்துப்பட்டையும் வேண்டும். எங்கள் வண்டியின் கதவு ஒன்று சரியாக மூடுவதில்லை, அதைக் கட்டிவைக்கத்தான். தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள்
டார்சி

பி.கு.: கல்தூண் என்றது கொஞ்சம் அதிகம். அந்த 'மேட்' காதில் விழுந்ததுமே ஓடிப்போய்க் ரோமம் அடைக்கும் காலிச் சாக்குக்குள் புகுந்துகொண்டேன். திங்கட்கிழமை விஷயத்தை அவர் சாக்குக்குள் குனிந்துதான் சொன்னார்.