317ஆம் எண் ஓட்டத்தை முடிக்கவில்லையாம்

அனுப்புநர்
கோ. குணசுந்தரி (வயது 41),
க/பெ. கோதண்டம்,
கோட்டைக்குப்பம், பழவேற்காடு,
பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: ‘சேற்றுச் சிங்கம்’ தடையோட்டம் – 02.02.2025 அன்று எங்கள் ஊர் ஓடையில் ஒரு பெண் மூழ்க இருந்தது – அவரை மீட்ட நான் ஓட்டத்தை முடிக்கவில்லை என்று அறிவிக்கப்பட்டது – அதே ஓடையில் மீண்டும் ஓட்டம் நடத்தவிருப்பது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: வீரநடை சாகச ஓட்டக் குழுவினர் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல், நாள் 07.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் குடியிருக்கிறேன். ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து விற்பது என் தொழில். பத்தாம் வகுப்பு வரை படித்திருப்பதால் இம்மனுவை நானே எழுதுகிறேன். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர், ஒவ்வொரு வரியிலும் ‘தாழ்மையுடன்’ என்று சேர்க்க வேண்டும் என்றார். அப்படிச் சேர்த்தால் மனு இரண்டு பக்கம் கூடும். ஆகவே இங்கே ஒரு முறை மொத்தமாகத் தாழ்மையுடன் என்று எழுதிவிடுகிறேன். மற்ற வரிகளிலும் அது இருப்பதாகவே கருத வேண்டுகிறேன்.

2. பொங்கல் கழிந்த வாரம் மேற்படி குழுவின் தலைவர் திரு. விக்கி எங்கள் ஊருக்கு வந்தார். யாரைப் பார்த்தாலும் ‘சாம்பியன்’ என்று அழைக்கும் நல்ல மனம் படைத்தவர். சேற்றில் தவழ்வது, வலைமேல் ஏறுவது, மூட்டை சுமப்பது, இடுப்பளவு தண்ணீரில் நடப்பது ஆகியவற்றை நகரத்து மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் கட்டிச் செய்கிறார்கள் என்று எங்களுக்கு விளக்கினார். விருந்தாளி முன்னால் சிரிப்பது மரியாதை இல்லை என்பதால், அவருடைய கார் திரும்பும் வரை பொறுத்திருந்தோம்.

ஏழு கிலோமீட்டர் தூரம், பதினான்கு தடைகள். ஏரிச் சேறு நாற்றம் அடிக்கிறது என்று கண்டுபிடித்து, திருப்பாலைவனம் பக்கத்திலிருந்து இரண்டு லாரி வயல் மண் கொண்டுவந்து, கரையில் பள்ளம் தோண்டி, தண்ணீர் ஊற்றிப் புதுச் சேறு தயாரித்தார்கள். பழவேற்காட்டுக்கு வெளியூரிலிருந்து சேறு வந்ததை நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம்.

3. ஊர்க்காரர்கள் மறுப்புச் சொல்லாமல் இருக்க, உள்ளூரார் பத்துப் பேருக்குக் கட்டணம் இல்லை என்று மைக்கில் அறிவித்தார்கள். ஒன்பது இளைஞர்கள் பெயர் கொடுத்தார்கள். பத்தாவதாக நான் கொடுத்தேன்.

என் கணவர் கோதண்டம், “தெனமும் சேத்துலதான கெடக்குற, ஞாயித்துக்கியமையும் இன்னாத்துக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அவரிடம் பதில் சொல்லவில்லை, தங்களிடம் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பொன்னேரியில் நடந்த போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். அதற்குப் பிறகு இந்த இருபத்தேழு ஆண்டுகளில் நான் ஓடியதெல்லாம் தலையில் கூடையுடன், பேருந்தைப் பிடிக்க. தலையில் ஒன்றும் இல்லாமல், அவசரம் எதுவும் இல்லாமல், ஒரு முறை ஓடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இதையெல்லாம் அரசாங்க மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

4. ஓட்டத்தன்று காலை ஆறு மணிக்குக் குழுவினர், கடல் தண்ணீர் ஏறி வடியும் சவுக்குத்தோப்பு ஓடையில் குச்சி விட்டு ஆழம் பார்த்தார்கள். முழங்காலுக்குச் சற்று மேல் இருந்தது. அதுதான் பதினோராவது தடை. அங்கே படகு கட்டிக்கொண்டிருந்த என் கணவர், “இப்போ வத்தம் சார், அதான் தண்ணி இல்ல. ஒம்போது மணிக்கு மேல ஏத்தம் வந்துரும். நடு ஓடையில களி வேற இருக்கு, கால வச்சா இழுக்கும். சீக்கிரம் ஓட்டி முடிச்சிருங்க” என்றார். திரு. விக்கி, “அண்ணா, எங்ககிட்ட ஆப் இருக்கு” என்று பதில் சொன்னார். அந்தச் செயலி எந்த ஊர்க் கடலுக்கு நேரம் காட்டியதோ, அந்த ஊரில் அன்று யாருக்கும் ஆபத்து இருந்திருக்காது.

ஓட்டம் ஆறரை மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. சிறப்பு விருந்தினர் ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு வந்தார். அவரைத் தாமதம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் முன்கூட்டியே வந்துவிட்டோம் போலிருக்கிறது. பிறகு உடம்பைச் சூடாக்குவதற்காக ஆட்டம் நடந்தது. பிறகு விருந்தினர், காலணியில் மண் படாமலிருக்க விரித்த சிவப்புக் கம்பளத்தின் மேல் நின்று, மண்ணோடு மண்ணாகக் கலப்பதன் பெருமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். ஒன்பதே முக்கால் தாண்டித்தான் கொடி அசைத்தார்கள். இதில் காத்திருக்காத ஒரே ஆள் கடல்தான்.

5. நான் என் மகள் திவ்யாவின் பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் 317 என்ற எண் துணியைக் குத்திக்கொண்டு ஓடினேன். முதல் இரண்டு கிலோமீட்டர் மூச்சு வாங்கியது. அதை மறைக்கவில்லை. தடைகள் வந்ததும் சுலபமாகிவிட்டது. கயிற்றுக்கு அடியில் தவழும்போது எனக்குப் பின்னால் வந்த அம்மா ஒருவர் “எப்படி இவ்ளோ ஃபாஸ்ட்டா போறீங்க?” என்று கேட்டார். பழக்கம் என்றேன். மணல் மூட்டையைத் தோளில் தூக்கச் சொன்னார்கள். நான் தலையில் வைத்துக்கொண்டேன். அதற்கு விதியில் தடை உண்டா என்று தொண்டர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டினார். அவர் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நான் மூட்டையை இறக்கிவிட்டுப் போய்விட்டேன்.

பதினோராவது தடைக்கு வரும்போது பெண்களில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. இதை நான் சொல்லவில்லை; அங்கே எண் குறித்த குழுவினரின் தாளே சொல்கிறது.

6. ஓடையில் அப்போது இடுப்புக்கு மேல் தண்ணீர். களி எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் நான் வளைந்து கடந்து அக்கரை ஏறிவிட்டேன். அடுத்த தடையான வலையை நோக்கி ஓடும்போது பின்னால் அலறல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நடு ஓடையில் ஒரு பெண் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஓட்டத்தில் நிற்கிறவர் களைத்திருப்பார். ஓடையில் அப்படி நிற்கிறவருக்குக் கால் வரவில்லை என்று அர்த்தம்.

அவர் பெயர் பெனிட்டா, வயது 27, ஆரம்பாக்கத்தைச் சேர்ந்தவர். நெடுஞ்சாலை ஓரத்துக் கம்பெனியில் வேலை. கம்பெனியிலிருந்து எட்டுப் பேரைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். நீச்சல் தெரியாது. விண்ணப்பத்தில் ‘நீச்சல் தெரிந்திருக்கத் தேவையில்லை’ என்று அச்சடித்திருந்ததை நம்பி வந்திருக்கிறார்.

கரையில் இரண்டு தொண்டர்கள் ஒலிபெருக்கியுடன் இருந்தார்கள். “ஐயோ, இழுக்குது, காப்பாத்துங்க” என்று பெனிட்டா கத்தினார். “சூப்பர் சாம்பியன்! வலிய என்ஜாய் பண்ணுங்க! வுட்றாதீங்க!” என்று அவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முகத்தைச் சுளித்து அலறுகிறவர்களை உற்சாகப்படுத்த வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி. அதை அவர்கள் குறைவில்லாமல் செய்தார்கள். ஒருவர் செல்போனில் படமும் எடுத்தார்.

7. நான் திரும்பி ஓடையில் இறங்கினேன். பெனிட்டாவுக்குத் தொடை வரை களி, நெஞ்சு வரை தண்ணீர். துள்ளத் துள்ள இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தார். “துள்ளாத பொண்ணே, அசையாம நில்லு” என்றேன். “அக்கா, கால் வர்ல அக்கா, எங்கம்மா கைல சொல்லுங்க அக்கா” என்றார்.

களியில் மிதித்து நின்று இழுத்தால் இழுக்கிறவரும் புதைவார். அகலமாக ஏதாவது விரிக்க வேண்டும். பக்கத்தில் மூங்கிலில் சிறப்பு விருந்தினரின் படம் போட்ட பன்னிரண்டடி பேனர் கட்டியிருந்தது. அதைக் கட்டோடு பிடுங்கி, மூங்கிலும் துணியுமாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதன் மேல் குப்புறப் படுத்தேன். விருந்தினர் அன்று இரண்டு பெண்களைத் தாங்கினார் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

ஒரு கால் வந்துவிட்டது. மற்றக் கால் வரவில்லை. உயரமான புது ஷூ, நாடா இரட்டை முடிச்சு. தண்ணீர் அவருடைய கழுத்துக்கு ஏறியிருந்தது. நான் மூச்சை அடக்கி உள்ளே போய்த் தடவினேன். இந்த வேலைக்குக் கண் தேவையில்லை, விரல் போதும். முதல் தடவை முடிச்சு அகப்படவில்லை. மேலே வந்தபோது அவர் வாயை மேல்நோக்கி வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இப்போது கத்தவில்லை. கத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாவது தடவை முடிச்சு அகப்பட்டது. ஷூவை உள்ளேயே விட்டுவிட்டுக் காலை உருவினேன். அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு இறுக்கமாக என்னை யாரும் பிடித்ததில்லை.

8. குழுவினர் ஒரு ஆம்புலன்ஸ் நிறுத்தியிருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. அதன் முன்னால் பதினேழு கார்களும் நிறுத்தியிருந்தார்கள். ஆகவே என் கணவர் படகிலேயே பெனிட்டாவைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினார். முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. உயிருக்கு ஒன்றும் இல்லை.

படகு போனதும் நான் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து ஓடினேன். மிச்சம் மூன்று தடைகள். வலையில் ஏறினேன், சுவர் தாண்டினேன், கடைசியில் புதுச் சேற்றிலும் தவழ்ந்தேன். முடிவுக்கோட்டில் இருந்த காற்றடைத்த வளைவின் காற்றைப் பிடுங்கி, இரண்டு பேர் பாய் போலச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சுருட்டாத பாதியைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். மேடையில் பரிசளிப்பு முடிந்திருந்தது. கடிகாரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவர், “மேடம், டைம் முடிஞ்சிருச்சு. வாழப்பழம் இருக்கு, சாப்டுறீங்களா?” என்றார். சாப்பிட்டேன். நல்ல பழம்.

9. பார்வையில் கண்ட மின்னஞ்சல் ஐந்து நாள் கழித்து வந்தது. அதில் என் குற்றங்கள் மூன்று: பாதையில் எதிர்த் திசையில் சென்றது; சக போட்டியாளருக்கு அனுமதியின்றி உடல் உதவி செய்தது; விளம்பரப் பேனருக்குச் சேதம் விளைவித்தது. ஆகவே 317ஆம் எண்ணுக்கு எதிரே ‘முடிக்கவில்லை’ என்று பதிவு செய்திருப்பதாகவும், தொடர்ந்து சாம்பியனாக இருக்க வாழ்த்துவதாகவும் எழுதியிருந்தார்கள்.

அதே வாரம் குழுவினர் தம்முடைய இணையப் பக்கத்தில் ஒரு வீடியோவும் வெளியிட்டார்கள். நான் பெனிட்டாவைக் கரைக்கு இழுத்து வரும் காட்சி. தொண்டர் செல்போனில் எடுத்தது. கீழே, ‘எங்கள் பயிற்சி பெற்ற மீட்புக் குழு எந்த நேரமும் தயார்’ என்று எழுதியிருக்கிறது. என் நெஞ்சிலிருந்த எண்ணின் மேல் அவர்களுடைய சின்னத்தை ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

நான் போட்டியாளர் என்றால் மீட்புக் குழு எங்கே என்று தெரிவிக்க வேண்டும். நான்தான் மீட்புக் குழு என்றால் எனக்குப் பயிற்சி கொடுத்தது யார், எப்போது என்று தெரிவிக்க வேண்டும். இரண்டையும் தொலைபேசியில் கேட்டேன். திரு. விக்கி, “பாசிட்டிவா இருங்க அக்கா” என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் என்னைச் சாம்பியன் என்று அழைக்காதது அந்த ஒரு முறைதான்.

10. இதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கணவரும் “வுடு, உசுரு தப்பிச்சில்ல” என்றார். ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை திருப்பாலைவனம் பேருந்து நிறுத்தத்தில் புது பேனர் பார்த்தேன். மார்ச் ஒன்பதாம் தேதி ‘சேற்றுச் சிங்கம்’ மறுபடி வருகிறது. அதே பாதை, அதே ஓடை. பன்னிரண்டு வயது முதல் பதினாறு வரை உள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ‘சேற்றுக் குட்டிகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை. அந்தப் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே தாங்கள் தயவு செய்து,

அ) ஓடையைத் தடையோட்டப் பாதையிலிருந்து நீக்காத வரை மார்ச் 9 ஓட்டத்துக்கு அனுமதி வழங்கக் கூடாது என்றும்,

ஆ) அனுமதி வழங்குமுன் ஏத்தம் வத்த நேரத்தை எங்கள் ஊரில் கேட்டறிய வேண்டும் என்றும் (யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், செயலி தேவையில்லை),

இ) மேற்படி வீடியோவை நீக்கி, அன்று ஓடையில் மீட்புக் குழு எதுவும் இல்லை என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும் என்றும்,

ஈ) 317ஆம் எண்ணுக்கு எதிரே ‘முடித்தார்’ என்று திருத்தச் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கோப்பை வேண்டாம். அதை வாங்கிய சென்னைப் பெண் நன்றாகத்தான் ஓடினார். எனக்குக் கடைசி இடம் என்று போட்டாலும் சம்மதம்.

இம்மனு தங்கள் மேசைக்கு வருவதற்குள் தேதி கடந்துவிடலாம் என்பது எனக்குத் தெரியும். அதனால் இதையும் தெரிவித்துவிடுகிறேன். அனுமதி கிடைத்தாலும் மறுக்கப்பட்டாலும், அன்று விடியற்காலையிலிருந்து நானும் என்னோடு இறால் தடவும் பதினோரு பெண்களும் அந்த ஓடையில் வரிசையாக நிற்போம். தண்ணீர் ஏறி வடியும் வரை நகர மாட்டோம். அதைப் போட்டிக்கு இடையூறு என்று குழுவினர் புகார் செய்தால், தாங்கள் விசாரிக்க ஏதுவாக எங்கள் பன்னிரண்டு பேரின் பெயரையும் முகவரியையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அன்று ஓடையைக் கடந்து ஒரு பிள்ளையும் போகாது.

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்
கோ. குணசுந்தரி

இடம்: திருவள்ளூர்
நாள்: 17.02.2025

இணைப்புகள்:
1. குழுவினரின் மின்னஞ்சல் நகல்.
2. ஆரம்பாக்கம் பெனிட்டா கையெழுத்திட்ட வாக்குமூலம், மருத்துவச் சீட்டின் நகலுடன்.
3. திருப்பாலைவனம் பேனரின் புகைப்படம்.
4. பன்னிரண்டு பெண்களின் பெயர், முகவரி, கையொப்பம்.