ஜோடி மாற்றி வைத்த பூட்ஸ்

இன்ஸ்ப்ரூக், ஆஸ்திரியா
8-6-2024

அன்புள்ள நைனாவுக்கு,

கன்னிகா எழுதுவது. நீங்களும் அம்மாவும் சௌக்கியம்தானே? வேர்க்கடலைக்கு மழை கிடைத்ததா?

போனில் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போவதை என்ன செய்வீர்கள், பார்க்கிறேன்!

ஸ்ரீசிட்டி கம்பெனியில் என் வீட்டுக்காரரை மூன்று மாதப் பயிற்சிக்கு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். நானும் கூட வந்திருக்கிறேன். சன்னலைத் திறந்தால் மலை, நைனா! நம் நகரி மலையை நாலு அடுக்கு அடுக்கி, உச்சியில் பனியைக் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அடுத்த மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஆறு நாள் மலைமேலேயே நடக்கப்போகிறோம். ராத்திரி ஒரு மலைவிடுதியில் தூக்கம், காலையில் எழுந்து அடுத்த விடுதிக்கு நடை. எனக்கு இப்போதே கால் நிற்கவில்லை.

உங்களைக் கேட்காமல் நான் ரகுவைக் கட்டிக்கொண்ட அன்று, ‘அவன் செருப்பு என் வாசல்ல கிடக்கக் கூடாது’ என்றீர்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆகஸ்டில் ஊருக்கு வருவோம். இன்னமுமா கோபம்?

உங்கள் மகள்,
கன்னிகா

விஜயபுரம்
24-6-2024

கன்னிகாவுக்கு,

கடிதம் வந்தது. உன் அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் எழுதுகிறேன். மழை போதவில்லை.

வேண்டுதல் ஒன்றும் இல்லாமல் மலை ஏறுவானேன்? உச்சியில் சாமியாவது உண்டா? ஆறு நாளும் என்ன துன்னுவீங்க? பார்த்து நட.

ஆகஸ்டில் வருவதானால் நீ மட்டும் வா. சொன்னது சொன்னதுதான்.

நாராயணசாமி

மலைவிடுதியிலிருந்து
14-7-2024

பாசமுள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். உச்சியில் சாமி இல்லை, சிலுவை நட்டிருக்கிறார்கள். சாப்பாடு ரொட்டியும் சூப்பும். அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய் மூன்றாம் நாளே காலி. அதெல்லாம் கிடக்கட்டும், இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள்!

இங்கே எந்த விடுதிக்குள்ளும் பூட்ஸோடு நுழையக் கூடாது. கோயில் மாதிரியேதான். கீழே ஓர் அறையில் கழற்றிவிட்டு, அவர்கள் தரும் கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். நேற்று சாயங்காலம், இதற்கு முந்தைய விடுதியில் பார்த்தால் அந்த அறை முழுக்க ஊர்ப்பட்ட பூட்ஸ். பூட்டும் இல்லை, ஆளும் இல்லை. எங்களுடையது இரண்டும் புத்தம் புதுசு!

திருமலைக்குப் போனால் நீங்கள் சொல்வீர்களே, “ஒன்னுது ஒண்ணு, என்னுது ஒண்ணு சேத்து இங்க வை, மிச்சத்த அங்க வை. ஜோடி இல்லாத செருப்ப எவனும் தொடமாட்டான்” என்று? அதையே செய்தேன். அவருடைய இடதும் என்னுடைய வலதும் அலமாரியில், மற்ற இரண்டும் கதவுக்குப் பின்னால்.

காலையில் கதவுக்குப் பின்னால் காலி!

விடுதி நடத்தும் மார்த்தா அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோடி சேராமல் கிடந்ததால் யாரோ வேண்டாமென்று விட்டுப் போனது என்று நினைத்துவிட்டாளாம். கீழேயிருந்து சாமான் கொண்டுவரக் கம்பியில் தொங்கும் ஒரு பெட்டி இருக்கிறது. விடிந்ததும் அதில் போட்டு அடிவாரத்துக்கு அனுப்பிவிட்டாள். உடனே போன் போட்டாள். ‘அடுத்த விடுதிக்கும் இங்கேயிருந்துதான் சாமான் ஏறுகிறது. சாயங்காலம் அங்கே ஏற்றிவிடுகிறேன்’ என்றார் கீழே இருந்தவர். பூட்ஸ் சொகுசாக வண்டியில் போகும். நாங்கள்? ஆளுக்கு ஒற்றை பூட்ஸோடு நிற்கிறோம்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “நைனா சொன்னா மாதிரிதான வச்சேன்” என்றேன். அவர் சிரிக்கிறார். “ஒங்க நைனா சொன்னதுல என்னா தப்பு? திருடன் ஒண்ணும் எடுத்துக்கினு போவலியே! மரியாதையா வண்டி ஏத்தி அனுப்பிக்கிறாங்க!” உங்களை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை, நைனா.

பிறகு தன் இடது பூட்ஸை என் காலில் மாட்டி, சாக்ஸைத் திணித்து, கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார். வலதுக்கு என்னுடையதே இருக்கிறது. ஆக என் கால் இரண்டும் தப்பித்தது. அவருக்கு அந்தக் கம்பளிச் செருப்புதான். மேலே பிளாஸ்டிக் பை, சுற்றிலும் சணல் கயிறு. மார்த்தா அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ‘நல்லவேளை, இன்றைக்குப் பாதை புல்லும் மண்ணும்தான், ஒரே ஓர் இடத்தில் பனி’ என்று சொல்லி அனுப்பினாள்.

வழியெல்லாம் மஞ்சள் பூ. கழுத்தில் மணி கட்டிய மாடுகள் அவர் காலையே வெறித்துப் பார்த்தன! அப்புறம் பனி வந்தது. நம் களத்துமேடு அகலம்தான், ஆனால் ஒரு பக்கம் சரிவு. பாதி போனதும் பை கிழிந்துவிட்டது. என் உயிர் என்னிடம் இல்லை. அவர் நடுப்பனியில் நின்று “கோவிந்தா... கோவிந்தா!” என்று கத்தினார். மலையும் சேர்ந்து கத்தியது. பின்னால் வந்த ஜெர்மன்காரர்கள் நாலு பேரும் என்ன ஏதென்று தெரியாமலே ‘கோவிந்தா’ போட்டார்கள்! அழுதுகொண்டே சிரித்தேன்.

நாங்கள் இங்கே வந்து சேர்ந்தபோது பெட்டி கம்பியில் ஆடி ஆடி ஏறிக்கொண்டிருந்தது. நொண்டிக்கொண்டே ஓடிப்போய் பூட்ஸை எடுத்தார். குதிகால் தோல் உரிந்து ரத்தம். இப்போது வெந்நீரில் காலை வைத்தபடியே தூங்கிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் வருகிறோம். நான் மட்டும் வரமாட்டேன், நைனா. இவரைத் தெருவில் நிறுத்திவிட்டு என் செருப்பை மட்டும் நம் வாசலில் கழற்ற எனக்கு மனசு வராது. ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்
கன்னி

விஜயபுரம்
1-8-2024

கன்னிக்கு நைனா எழுதுவது.

உன் கடிதத்தை அம்மா சத்தமாக வாசித்தாள். கோவிந்தா போட்ட இடத்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. நான் சிரிக்கவில்லை.

உனக்கு அறிவிருக்கா? நான் சொன்னது திருமலைக்கு. போகிற இடமெல்லாம் அதையே செய்வாயா? அவர் கழற்றிக் கொடுத்தால் நீ உடனே மாட்டிக்கொள்வாயா? புண் ஆறிவிட்டதா, சீழ் வைத்ததா, ஒன்றும் எழுதவில்லையே. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் போட்டுக் காய்ச்சித் தடவு. அங்கே மஞ்சள் கிடைக்குமா?

இங்கே நல்ல மழை. கடலை தேறிவிடும்.

இருபதாம் தேதி புத்தூர் போகிறேன். மாப்பிள்ளைக்கு எத்தனாம் நம்பர் செருப்பு? அம்மா கேட்கச் சொன்னாள் என்று நினைக்காதே, நான்தான் கேட்கிறேன். குதிகால் உரசாததாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கி, வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் போட்டுவைக்கிறேன்.

நம்பரைத் தபாலில் எழுதினால் வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும். போன் பண்ணிச் சொல். வைக்கமாட்டேன்.

நைனா